செம்புறாங்கல் பள்ளமும் மூன்று காலையும்

போன வருடம் ஆந்திராவின் கண்டிக்கோட்டைக்குக் காரிலேயே போய் வந்தோம். பெண்ணாறு எர்ரமலைக் குன்றுகளை அறுத்துக்கொண்டு போகும் இடம் அது. ஏறக்குறைய 300 அடி ஆழம். இரண்டு கரையிலும் பலகைகளை அடுக்கி வைத்ததுபோலச் சிவந்த குவார்ட்சைட் பாறை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பகல் பதினொரு மணி. கிடைத்த இரண்டு மணி நேரத்தில் ஓயாமல் படம் எடுத்தேன். காரைக்குடிக்கு வந்து கணினியில் திறந்தால் அந்தச் சிவப்பைக் காணோம். வெளிறிய பழுப்பில் ஒரு பள்ளம், மேலே சுண்ணாம்பு அடித்ததுபோல வானம். எதிர்க்கரைப் பாறையில் உட்கார்ந்திருந்த கழுகை 300 மி.மீ. தூர லென்ஸில் எடுத்த படங்கள் ஒன்றிலும் இறகு தெரியவில்லை. ஓடும் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கல்லைப்போல நெளிந்திருந்தது.

மறுபடியும் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு போவதற்கு முன்னால், எங்கே தப்பு நடந்தது என்று ஊரிலேயே பார்த்துவிட நினைத்தேன். ஆனால் செட்டிநாட்டில் பள்ளத்தாக்கு ஏது? கண்ணுக்கு எட்டிய மட்டும் பொட்டல். இடையிடையே பனை, கண்மாய்க்கரை, சீமைக்கருவேலம், அங்கங்கே தனித்து நிற்கும் மொட்டைப் பாறைக் குன்று. அக்கா வீட்டில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தான் இலையிலிருந்து நிமிர்ந்தார்.

"பள்ளம்தானே தம்பி வேணும்? கல்லு வெட்டுன பள்ளம் ஒண்ணு சும்மா கெடக்கு. லாரி வச்சிருந்தப்ப நானே எத்தனை லோடு ஏத்தியிருக்கேன். வா, போவோம்."

அப்படித்தான் இந்த மூன்று நாள் பயணம் முடிவானது. தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருந்தது. கண்மாய்களில் தண்ணீர் நிற்கும், வெயிலும் இன்னும் உறைக்காது. காரைக்குடியை நடுவில் வைத்துக்கொண்டு வடக்கே திருமயம் கோட்டை, மேற்கே வேட்டங்குடி பறவைகள் சரணாலயம், இடையில் அந்தப் பள்ளம். அத்தான் ஓட்ட, நான் பின் இருக்கையில் இரண்டு பக்க ஜன்னலுக்கும் நகர்ந்துகொள்வது என்று பேசிக்கொண்டோம்.

கேமரா பழைய டிஎஸ்எல்ஆர். அகலக் காட்சிக்கு 18-55 மி.மீ. லென்ஸ் ஒன்று, தூரத்துக்கு 70-300 ஒன்று, முக்காலி ஒன்று. புதிதாக வாங்கியது எதுவும் இல்லை. செய்துகொண்டது ஒரே ஒரு சாமான், கொள்ளுப் பை. கார் ஜன்னலில் கேமராவை வைத்து எடுக்கும்போது கண்ணாடி விளிம்பு லென்ஸைத் தாங்காது, வழுக்கும். கடையில் விற்கும் பை விலை அதிகம் என்பதால் அக்கா இரண்டு மஞ்சப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக விட்டு, நடுவில் குறுக்கே ஒரு தையல் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு பாதியிலும் ஒரு கிலோ கொள்ளு. நடுத்தையல் ஜன்னல் விளிம்பில் உட்காரும், ஒரு பாதி உள்ளே, ஒரு பாதி வெளியே தொங்கும். முதலில் அரிசி போட்டுப் பார்த்தோம். அரிசி நெருங்கி இறுகிவிடுகிறது, லென்ஸுக்குக் குழி விழவில்லை. கொள்ளு உருண்டு விலகி இடம் கொடுத்து, பிறகு அசையாமல் பிடித்துக்கொள்கிறது. முழுக்க நிரப்பக் கூடாது. முக்கால் பங்கு போதும்.

பள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது காரைக்குடிக்கும் திருமயத்துக்கும் இடையில், நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஒரு வண்டிப்பாதையில் போனால் வருகிறது. செம்புறாங்கல் என்பது இரும்புச் சத்து ஊறிய கல். மண்ணுக்குள் இருக்கும்வரை மண்வெட்டிக்கும் கோடாலிக்கும் இசைந்து கொடுக்கும். வெட்டி எடுத்துக் காற்றும் வெயிலும் பட்டால் இறுகிவிடும். கேரளத்தின் அங்காடிப்புரம் பக்கம் மக்கள் இதை வெட்டி வீடு கட்டுவதைப் பார்த்த புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், 1807-இல் வந்த தன் நூலில், செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லை வைத்து 'லேட்டரைட்' என்று பெயரிட்டார். நம் பக்கத்துப் பெயரிலேயே நிறம் இருக்கிறது. அத்தான் காட்டிய பள்ளம் வடக்கு தெற்காக நீண்டு கிடந்தது. முப்பது அடி அகலம், பதினான்கு அடி ஆழம். சுவரெல்லாம் கருவி பட்ட வரி வரியான தழும்பு. அடியில் மழைத்தண்ணீர் குளம்போல் தேங்கி நின்றது. தெற்குக் கோடியில் அந்தக் காலத்தில் வண்டி இறங்கிய சரிவு. அது குறுகல், எட்டு அடி அகலம்தான் இருக்கும், இரண்டு பக்கமும் பத்தடிச் சுவர். அந்தச் சரிவுக்குள் நின்று மேலே பார்த்தபோது, அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கும் ஆன்டிலோப் பள்ளத்தாக்கின் படங்கள்தான் ஞாபகம் வந்தன. அங்கே திடீர் வெள்ளங்கள் மணற்பாறையை அறுத்து, ஆள் நுழையும் அகலத்தில் வழி செய்திருக்கின்றன. இங்கே அறுத்தது மனிதர்களின் கை.

முதல் நாள் பள்ளத்துக்கு வந்து சேர்ந்தபோதே மணி எட்டே முக்கால். வழியில் ஒரு பனங்காடை மின்கம்பியில் உட்கார்ந்திருந்தது, அதற்காக அரை மணி நேரம் நின்றுவிட்டோம். பள்ளத்தின் தரையில் ஏற்கனவே வெயில் இறங்கியிருந்தது. மேற்குச் சுவர் தீயாக எரிந்தது. எடுத்தேன். திரையில் பார்த்தால் கண்டிக்கோட்டை மாதிரியே பழுப்பு.

அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். முதல் குற்றவாளி வெள்ளைச் சமநிலை, அதாவது வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைத் திருத்தும் அமைப்பு. அதைத் தானியங்கியில் விட்டிருந்தேன். கேமராவுக்கு எதிரில் இருப்பது செம்மண் என்று தெரியாது. படம் முழுக்கச் சிவப்பாக இருந்தால், வெளிச்சம்தான் சிவப்பாக இருக்கிறது போலும் என்று எடுத்துக்கொண்டு, நீலத்தைச் சேர்த்துச் சிவப்பை அழித்துவிடுகிறது. பகல் வெளிச்சத்துக்குரிய 5200 கெல்வினில் நிறுத்தி வைத்ததும் நிறம் திரும்பி வந்தது. சென்சார் பதிந்ததைத் திருத்தாமல் வைக்கும் ரா கோப்பாக எடுத்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் இடத்தில் நின்று பார்க்கும்போது திரையில் நிறம் செத்திருந்தால், அந்த நிறத்தைத் தேடிப் போய் எடுக்க மனம் வராது. கண்டிக்கோட்டையில் அதுதான் நடந்தது.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. நிறம் வந்த பிறகும் வெயில் பட்ட சுவர் பெயின்ட் அடித்த தகரம்போல வழவழவென்று இருந்தது. கருவித் தழும்பு ஒன்றும் தெரியவில்லை. படத்தின் ஒளி அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டியது. அது மூன்று நிறங்களையும் கலந்த கணக்கு. சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாகக் காட்டும்படி மாற்றினேன். சிவப்பு மட்டும் வரைபடத்தின் வலது ஓரத்தில் மோதி உடைந்திருந்தது. அதாவது சிவப்பில் அதற்கு மேல் ஏற இடமில்லை, ஏற்ற இறக்கம் எல்லாம் ஒரே மட்டமாகிவிட்டது. ஒளியை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்ததும் தழும்புகள் எழுந்து வந்தன. செம்மண்ணையும் செம்பாறையையும் எடுப்பவர்கள் இந்தத் தனி ஹிஸ்டோகிராமைத்தான் பார்க்க வேண்டும். எனக்கு இது தெரிந்திருந்தால் கண்டிக்கோட்டையில் பாதிப் படம் பிழைத்திருக்கும்.

கழுகு நெளிந்ததற்குத் தனியாக ஒரு சோதனை வைத்தேன். பள்ளத்துக்கு வெளியே பொட்டலில், நடந்து அளந்தால் இருநூறு மீட்டர் தூரத்தில் ஒரு ஒற்றைப் பனை. முக்காலியில் கேமராவை வைத்து 300 மி.மீ.-இல் அதன் மட்டையை ஒன்பது, பத்து, பதினொன்று என்று மணிக்கு மணி எடுத்தேன். ஒன்பது மணிப் படத்தில் மட்டையின் முள் தெரிந்தது. பத்தில் விளிம்பு மங்கியது. பதினொன்றில் முழு மட்டையும் கொதிக்கும் எண்ணெய்க்குப் பின்னால் நின்றது. சூடேறிய தரை தன்மேல் உள்ள காற்றைச் சுட வைக்கிறது. சுட்ட காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து கலந்து ஒளியை வளைக்கின்றன. லென்ஸ் நல்லதாக இருந்தாலும், ஷட்டர் எவ்வளவு வேகமாக இருந்தாலும் பயனில்லை. கணினியில் கூர்மையாக்கினால் நெளிவுதான் கூர்மையாகும். தூரத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் விடியலில் வர வேண்டும்.

இதில் எதிர்பாராத ஒன்றும் கிடைத்தது. பத்து மணிக்குக் காருக்குள் இருந்து கொள்ளுப் பையில் வைத்து எடுத்தவை, அதே நேரத்தில் வெளியே முக்காலியில் எடுத்தவற்றைவிட மோசமாக இருந்தன. அத்தான் ஏசியைப் போட்டிருந்தார். ஜன்னலைத் திறந்ததும் உள்ளிருந்த குளிர்காற்று வெளியே வழிந்து, லென்ஸுக்கு முன்னாலேயே ஒரு நெளிவை உண்டாக்குகிறது. அன்றிலிருந்து பறவை இருக்கும் இடத்துக்குக் கால் மணி நேரம் முன்பே ஏசியை நிறுத்தி எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டோம். இன்ஜினையும் அணைத்துவிட வேண்டும், அதன் நடுக்கம் கொள்ளு வழியாகவும் ஏறும். பானெட்டுக்கு மேலாகப் பார்த்து எடுப்பதையும் விட்டுவிட்டேன். அதுவும் ஒரு அடுப்புதான்.

அன்று பொட்டலில் காற்றடித்தபோது லென்ஸை மாற்றியிருந்தேன். இரவு வீட்டில் பார்த்தால் வானம் வரும் படங்களில் எல்லாம் ஒரே இடத்தில் ஏழு சாம்பல் புள்ளிகள். கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் தூசி. இதைச் சரிசெய்த விதத்தை விரிவாகவே எழுதுகிறேன். வறண்ட ஊரில் கேமரா வைத்திருக்கும் எல்லோருக்கும் இது வரும்.

முதலில் வெள்ளைச் சுவரை, லென்ஸின் திறப்பைச் சிறிதாக்கி எஃப் 22-இல், ஃபோகஸை வேண்டுமென்றே விலக்கி, கேமராவை மெல்ல அசைத்தபடி ஒரு படம் எடுக்க வேண்டும். சுவரின் அழுக்கு கலைந்துபோகும், சென்சாரின் தூசி மட்டும் நின்று தெரியும். பிறகு குளியலறையில் வெந்நீரை ஓடவிட்டுப் பத்து நிமிடம் கதவைச் சாத்தி வைத்தேன். ஆவி காற்றில் உள்ள தூசியைக் கீழே இறக்கிவிடும். ஆவி முழுக்க அடங்கிய பிறகுதான் கேமராவோடு உள்ளே போனேன். ஈரம் இருக்கும்போது போகக் கூடாது. மின்விசிறி இல்லாத அறை என்பதும் வசதி. பேட்டரி முழுதாக ஏறியிருக்க வேண்டும், பாதியில் தீர்ந்தால் சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி கீழே விழுந்துவிடும். கேமராவின் பட்டியலில் சென்சாரைக் கையால் சுத்தம் செய்யும் வசதியைத் தேர்ந்தெடுத்தால் கண்ணாடி மேலே தூக்கி நிற்கும். லென்ஸ் வாயைத் தரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு, ரப்பர் பந்து ஊதியால் ஏழெட்டு முறை ஊதினேன். முதல் இரண்டு ஊதலைக் காற்றில் விட்டுவிட வேண்டும், பந்துக்குள் இருக்கும் தூசி போகட்டும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் படிந்தால் அது புள்ளியைவிடப் பெரிய தொல்லை. துணி எதையும் உள்ளே விடவே கூடாது. மறுபடி வெள்ளைச் சுவர். ஏழில் ஆறு போய்விட்டன. இடது மேல் மூலையில் ஒன்று ஒட்டிக்கொண்டது. அதைப் படத்தில் அழித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

70-300 லென்ஸின் ஜூம் வளையமும் நறநறத்தது. பழைய ஷேவிங் பிரஷ் ஒன்றைக் கழுவிக் காயவைத்து வளையத்தின் இடுக்கைச் சுற்றித் துடைத்தேன். மறுநாளிலிருந்து அந்த இடுக்கின்மேல் கைக்குட்டையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டேன். காற்றடிக்கும் பொட்டலில் லென்ஸ் மாற்றுவதில்லை என்றும் முடிவு செய்தேன்.

இரண்டாம் நாள் ஐந்தே காலுக்குக் கிளம்பினோம். குன்றக்குடிச் சாலையில் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் ஓரமாக நடந்துகொண்டிருந்தார்கள். காவடியும் கைவிளக்குமாக இருட்டில் ஒரு நீண்ட வரிசை. நகரத்தார் தலைமுறை தலைமுறையாக நடக்கும் பாதை இது. அத்தான் வேகத்தைக் குறைத்து ஹெட்லைட்டைத் தாழ்த்தினார். கேமராவை நான் வெளியே எடுக்கவில்லை. விரதமிருந்து நடப்பவர்கள் முகத்தில் வெளிச்சம் அடித்து எடுக்கும் படம் எனக்கு வேண்டாம்.

ஆறரைக்கு வேட்டங்குடி. திருப்பத்தூர்–மதுரைச் சாலையில், கொள்ளுகுடிப்பட்டியை ஒட்டி இருக்கும் கண்மாய்களைச் சேர்த்து 1977-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். ஊர் மக்கள் அதற்கு முன்பிருந்தே பறவைகளைக் காத்து வருகிறார்கள். தீபாவளிக்குக்கூட இங்கே வெடி வெடிப்பதில்லை, கூட்டில் குஞ்சுகள் இருக்கும் என்பதற்காக. இந்த ஒரு காரணத்துக்காகவே இங்கே கேமராவோடு வருகிறவர்கள் சத்தம் போடாமல் இருக்கக் கடமைப்பட்டவர்கள் என்று நினைக்கிறேன். கரையை விட்டு இறங்கிக் கூடு இருக்கும் மரத்தடிக்குப் போவது, பறக்கவைத்துப் படம் எடுப்பதற்காகக் கை தட்டுவது, இரண்டையும் வேறு இடங்களில் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு நாரை எழும்பினால் கூட்டில் இருக்கும் குஞ்சு வெயிலுக்கும் காக்கைக்கும் தனியாகிவிடும்.

தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தைக்குத்தி நாரைகள் நிறைய இருந்தன. மூடிய அலகுக்கு நடுவிலும் ஒரு இடைவெளி தெரியும், நத்தையைப் பிடிக்க வாகான அமைப்பு. அரிவாள் மூக்கன், இராக்கொக்கு, நீர்க்காகம், நடுவில் இரண்டு சங்குவளை நாரைகள். ஏழு மணிக்குச் சூரியன் முதுகுக்குப் பின்னால் வந்தது. இருண்ட தண்ணீருக்கு எதிரே வெள்ளைப் பறவை என்றால் கேமரா தண்ணீரைப் பார்த்து ஏமாந்து படத்தை வெளிறவைக்கும். முக்கால் ஸ்டாப் குறைத்தேன். ஷட்டர் வேகம் பறப்பவற்றுக்கு 1/1600 நொடி, மரத்தில் நிற்பவற்றுக்கு 1/500 போதும். எட்டே முக்காலுக்கு நெளிவு தொடங்கியதும் பையில் வைத்துவிட்டேன். நேற்றைய பனைமரம் கற்றுக்கொடுத்தது.

மாலை திருமயம். 1687-இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டிய கோட்டை, மக்கள் வாயில் ஊமையன் கோட்டை. சரிவில் அடுத்தடுத்துக் குடைந்த இரண்டு கோயில்கள், சிவனுக்கு ஒன்று, பெருமாளுக்கு ஒன்று. இங்கே எனக்கு வேண்டியிருந்தது பாறைச் சுவர்தான். 18 மி.மீ.-இல் முழுக் குன்றும் அடங்கியது, ஆனால் கூழாங்கல் மாதிரி சிறுத்துப் போனது. கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, 35 மி.மீ.-இல், ஒவ்வொரு படமும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்கு ஏறும்படி ஏழு படம் எடுத்துக் கணினியில் ஒட்டினேன். ஒளி அளவையும் ஃபோகஸையும் கையால் பூட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டும் இடத்தில் வானம் பட்டை பட்டையாக நிற்கும். பாறை எவ்வளவு பெரியது என்று காட்ட ஆள் கிடைக்கவில்லை. மதிலைச் சுற்றிச் சுழன்ற உழவாரன் குருவிகள் அந்த வேலையைச் செய்தன. புள்ளி புள்ளியாக ஐந்து குருவிகள், அவற்றுக்குப் பின்னால் அத்தனை பெரிய கல்.

அன்று இரவு முழுக்கப் பள்ளத்தைப் பற்றியே யோசனை. வெயில் பட்ட சுவரை நான் எடுத்திருந்தேன். ஆனால் ஆன்டிலோப் படங்களில் கண்ணைக் கட்டிப்போடுவது வெயில் பட்ட பாறை அல்ல. அதற்கு எதிரே நிழலில் இருக்கும் பாறை. ஒரு சுவரில் விழுந்த வெயில் சிவந்து எகிறி, எதிர்ச்சுவரில் படிகிறது. அதுதான் கனல்போல உள்ளிருந்து ஒளிர்வதாகத் தோன்றுகிறது. அப்படியானால் நான் நிழலைத் தேட வேண்டும். நிழல் இருக்கும் நேரம், ஆனால் எதிர்ச்சுவர் முழுக்க வெயில் குளித்திருக்கும் நேரம். அது எப்போது?

மூன்றாம் நாள் ஏழு மணிக்கே பள்ளத்தில் இருந்தோம். கருவைக் குச்சி ஒன்றை, ஒரு முழம் வெளியே நிற்கும்படி, பள்ளத்துக்கு மேலே சமதரையில் நட்டேன். வடக்கு தெற்காகக் கிடக்கும் பள்ளத்தில், குச்சியின் நிழல் மேற்கே எவ்வளவு தூரம் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். பள்ளத்தின் அகலம் ஆழத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே நிழலின் மேற்கு நீளம் குச்சியைப்போல இரண்டு மடங்காகும்போது, கிழக்குக் கரையின் நிழல் மேற்குச் சுவரின் அடியைத் தொடும். சுவர் முழுக்க வெயில், தரை முழுக்க நிழல். அன்று அது எட்டு இருபதுக்கு வந்தது. அதற்கு முந்தைய இருபது நிமிடம்தான் பள்ளத்தின் நேரம். முதல் நாள் எட்டே முக்காலுக்கு வந்த எனக்கு அது போயே போய்விட்டிருந்தது.

முக்காலியில் மூன்று ஒளி அளவுகளில் எடுத்தேன், இரண்டு ஸ்டாப் குறைவு, நடு, இரண்டு ஸ்டாப் அதிகம். கிழக்குச் சுவரின் நிழலுக்குள் இருந்து ஒரு மங்கிய செம்மை எழுந்து வந்தது. ஆனால் முழுச் சிவப்பு இல்லை, மேலே ஒரு ஊதாச் சாயல். முப்பது அடி அகலத்துக்கு வானம் திறந்து கிடக்கிறது, நீலம் மேலிருந்து கொட்டுகிறது. குறுகலான இடத்தில்தான் நீலம் குறையும். எட்டடிச் சரிவுக்குப் போனேன். அங்கே அந்த நேரத்தில் மேற்குச் சுவரின் உச்சியில் மட்டும்தான் வெயில். கணக்குப் போட்டால், பத்தடி ஆழம், எட்டடி அகலம், நிழல் குச்சியைவிடக் கொஞ்சம் குட்டையாக வேண்டும். அதாவது மணி பத்து ஆகும்.

இதுதான் எனக்கு இந்தப் பயணத்தில் பிடிபட்ட விஷயம். காலையிலும் மாலையிலும்தான் எடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வதைத்தான் நானும் நம்பியிருந்தேன். பள்ளத்துக்கு அந்த விதி செல்லாது. அகலமான பள்ளத்துக்கு விடியலை ஒட்டிய நேரம். குறுக்கக் குறுக்க நேரம் உச்சியை நோக்கி நகர்கிறது. ஆள் நுழையும் அகலமே உள்ள ஆன்டிலோப்புக்கு நடுப்பகலில் போகச் சொல்வதும் இதனால்தான். கண்டிக்கோட்டை அகலமானது, நான் அதற்குப் பதினொரு மணிக்குப் போனேன்.

பத்து மணி வரை என்ன செய்வது என்று கரையில் உட்கார்ந்திருந்தபோது ஆடு மேய்க்கும் கீதாரி ஒருவர் வந்தார். அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டிருக்கிறார்களாம். நாங்கள் என்ன செய்கிறோம் என்று கேட்டார். அத்தான் விளக்கினார்.

"கொக்கு வேணும்னா ஏன்யா அங்க இங்க அலையணும்? வெயில் ஏறுனதும் ஆடுகள இந்தச் சரிவு வழியாத்தான் தண்ணிக்கு எறக்குவேன். கொக்கெல்லாம் ஆட்டுக் காலச் சுத்திக்கிட்டே வரும். நீங்க அந்தக் குண்டுக்கல்லுக்குப் பின்னால அசையாம இருங்க."

ஆடுகளையும் அவரையும் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "எடுங்க தம்பி" என்றார்.

கல்லுக்குப் பின்னால் சாக்கை விரித்துப் படுத்து, கொள்ளுப் பையைத் தரையில் போட்டு, 300 மி.மீ.-ஐ அதன்மேல் வைத்தேன். தூரம் பதினைந்து மீட்டர்தான், நிழலில் குளிர்ந்த தரை, நெளிவு வராது. 5200 கெல்வின், எஃப் 5.6, 1/800 நொடி, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 640. ஒன்பதே முக்காலுக்கு முதல் செம்மறி சரிவின் வாயில் தெரிந்தது. பிறகு ஒரே நெருக்கம். கருப்பும் செம்பழுப்புமான முதுகுகள், புழுதி, மணிச் சத்தம். ஆடுகள் கடந்த பிறகுதான் உண்ணிக்கொக்குகள் வந்தன, குளம்பு கிளப்பிவிட்ட பூச்சிகளைக் கொத்திக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் கழுத்தை முன்னும் பின்னும் ஆட்டியபடி.

வெள்ளைப் பறவை தன்மேல் விழும் ஒளியில் எதையும் மறைக்காது. முதுகில் வானத்தின் நீலம் படிந்திருந்தது. மேற்குச் சுவரைப் பார்த்த பக்கம், மார்பும் கழுத்தும் தொடையும், பழுத்த பப்பாளி நிறம். ஒரே கொக்கில் இரண்டு ஒளி. பின்னால் இருந்த கிழக்குச் சுவர் கனிந்து நின்றது. கருஞ்சிவப்புச் சுவருக்கு எதிரே வெள்ளை என்பதால் ஒரு ஸ்டாப் குறைத்திருந்தேன், சிவப்பு ஹிஸ்டோகிராம் உடையவில்லை. நாற்பது படங்கள் எடுத்தேன். பத்து ஐந்துக்குத் தரையில் வெயில் இறங்கியதும் கொக்கு வெறும் வெள்ளையாகிவிட்டது.

வீட்டில் கோப்புகளைத் திறந்தபோது நிறத்தை அடர்த்தியாக்கும் செறிவுக் கம்பியை நகர்த்தவில்லை. அதைக் கூட்டினால் செம்மண் படம் உடனே பளிச்சென்று ஆகும், ஆனால் நீல முதுகும் சிவந்த மார்பும் தங்கள் உறவை இழந்துவிடும். நிழலைக் கொஞ்சம் தூக்கினேன், மூலைப் புள்ளியை அழித்தேன், அவ்வளவுதான்.

ஊரில் ஒரு புகைப்பட லேபில் 12க்கு 18 அங்குல அளவில் பிரதி போடக் கொடுத்தேன். வந்த பிரதியில் கொக்கு சுத்த வெள்ளை, சுவர் பழுப்பு. அங்கேயும் இயந்திரம் தானாக நிறத்தைத் திருத்தியிருந்தது. அடுத்த நாள் போய், திருத்தம் எதுவும் வேண்டாம், கோப்பில் இருப்பது இருப்பதுபோலவே வர வேண்டும் என்று எழுதியே கொடுத்தேன். இந்த முறை சரியாக வந்தது. ஆடுகளுக்கு நடுவில் கீதாரி சரிவில் இறங்கும் படத்தையும் ஒரு பிரதி போட்டு வாங்கினேன். கிளம்பும்போது அவர், "பங்குனியில வாங்க, இந்தப் பொட்டல்ல ஆள்காட்டி முட்டை வச்சிருக்கும், காலப் பாத்து வைக்கணும்" என்று சொல்லியிருந்தார். பிரதி அட்டைக்குள் பத்திரமாக இருக்கிறது. பங்குனியில் கிடை எந்த வயலுக்குப் போயிருக்கும் என்று அத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.